டெக்சாஸ்: புயலோடு இடம் மாறிய வியாபாரம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் என்றதும் பலருக்கும் எண்ணெய்தான் நினைவுக்கு வரும். வியாபாரிகள் அறியவேண்டியது அதன் இரண்டு துறைமுகங்களின் கதையை என்பேன் நான்.

பரப்பில் டெக்சாஸ் இலங்கையைவிடப் பத்து மடங்குக்கும் பெரியது. கிழக்கே நல்ல மழை. மேற்குக் கோடியிலுள்ள எல் பாசோவில் ஆண்டுக்கு 250 மில்லிமீற்றர்கூட இல்லை. தென்கிழக்கே மெக்சிக்கோ வளைகுடா. 1836இல் மெக்சிக்கோவிலிருந்து பிரிந்து தனிக் குடியரசாகி, 1845இல் அமெரிக்காவுடன் இணைந்தது. அடிமைகளின் உழைப்பில் விளைந்த பருத்தியே அன்று அதன் செல்வம்.

பருத்தி ஏற்றுமதியால் வளர்ந்த துறைமுகம் கல்வெஸ்டன் தீவு. அன்று அதன் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து மூன்று மீற்றருக்குக் குறைவாக இருந்தது. கடற்சுவர் வேண்டும் என்ற யோசனை வந்தும் கட்டப்படவில்லை. 1900 செப்டெம்பர் 8ஆம் திகதி புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. குறைந்தது 6,000 பேர் மாண்டனர்.

1901 ஜனவரியில் ஸ்பிண்டில்டொப்பில் எண்ணெய் பீறிட்டது. கடலிலிருந்து சுமார் 80 கிலோமீற்றர் உள்ளே இருந்த ஹூஸ்டன் நகரம், தன் நீர்வழியை ஆழமாக்கும் செலவில் பாதியைத் தானே ஏற்க முன்வந்தது. 1914இல் கப்பல் கால்வாய் திறக்கப்பட்டது. கல்வெஸ்டன் புயலுக்குப் பின்னர் சுவர் கட்டி, நிலத்தையும் உயர்த்தியது; ஆனால் முதலிடம் ஹூஸ்டனுக்குப் போய்விட்டது.

அந்த ஹூஸ்டனையும் 2017இல் ஹார்வி புயலின் மழை மூழ்கடித்தது. ஆகவே கடையோ களஞ்சியமோ எடுக்கும்போது வாடகையோடு நில்லாமல், வெள்ளம் எதுவரை ஏறும் என்றும் விசாரியுங்கள். சரக்கு முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.