முதுமையும் சுவாசக் கருவியும்



சில காலத்துக்கு முன்னர் லிங்கநகரில் ஒரு சகோதரர் இஷாத் தொழுகைக்குப் பின் என்னைத் தேடி வந்தார். எண்பது வயதைக் கடந்த அவருடைய தந்தை நியூமோனியாவினால் வைத்தியசாலையில் இருந்தார். செயற்கைச் சுவாசக் கருவி பொருத்துவது பற்றி வைத்தியர் பிள்ளைகளின் கருத்தைக் கேட்டிருந்தார். "மௌலவி, வேண்டாம் என்று சொன்னால் வாப்பாவை நாங்களே கொன்றவர்கள் ஆகிவிடுவோமா?" என்றார். குரல் நடுங்கியது.

விடை காணுமுன் அக்கருவி என்ன செய்கிறது என்பதை அறிதல் வேண்டும். 1952இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மூச்சுவிட இயலாத நோயாளருக்கு மருத்துவ மாணவர்கள் இரவு பகலாகக் கையினால் பையை அழுத்திக் காற்றூட்டினர். மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. அப்பணியையே இன்று கருவி செய்கிறது. அது நோயைக் குணப்படுத்துவதில்லை; மருந்து பயன் தரும்வரை அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்தும் வலிமை உடலில் இருத்தல் வேண்டும்.

அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவில் சுவாசக் குழாய் பொருத்தப்பட்ட, 65 வயதுக்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வொன்று 2018இல் வெளியானது. அவர்களுள் மூவரில் ஒருவர் வைத்தியசாலையிலேயே மரணித்தார். தொண்ணூறைக் கடந்தோரில் இது பாதியளவாகும். நேரே வீடு திரும்பியோர் நால்வரில் ஒருவர் மட்டுமே. எனினும் வயதொன்றே அளவுகோலன்று. நோய்க்கு முன் தாமே நடந்து, உண்டு, குளித்தவர் தேறும் வாய்ப்பு அதிகம். நெடுநாள் படுக்கையில் இருந்தவருக்கும் சிறுநீரகம் முதலிய உறுப்புகள் செயலிழந்தவருக்கும் அது குறைவு. பிழைத்தோரிலும் பலருக்குத் தசை நலிவும் மனத் தடுமாற்றமும் நீடிப்பதுண்டு.

மார்க்கம் என்ன கூறுகிறது? மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். முதுமை ஒன்றுக்கே மருந்தில்லை என்றும் உணர்த்தினார்கள். ஆகவே தேறும் நம்பிக்கை உள்ளவருக்கு, "வயதாகிவிட்டது" என்று சிகிச்சையை மறுத்தல் தகாது. மூளையின் செயற்பாடு முழுமையாக நின்று, அது மீளாதென நிபுணர்கள் உறுதிசெய்தால், இதயம் கருவியின் உதவியால் துடித்துக்கொண்டிருந்தாலும் அதனை அகற்றலாம் என 1986இல் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி தீர்மானித்தது. மூளை இயங்கும் நிலையில் விடயம் வேறு. அங்கும் பயனளிக்காதென நம்பகமான வைத்தியர்கள் கூறும் சிகிச்சையை ஏற்காதிருத்தல் கொலையன்று என்பதே அறிஞர் பலரின் நிலைப்பாடு. உயிரை எடுப்பது நோயேயன்றிப் பிள்ளைகளின் சொல்லன்று.

அச்சகோதரரிடம் மூன்று கேள்விகளை வைத்தியரிடம் கேட்குமாறு கூறினேன். இந்நோய் மாறக்கூடியதா? கருவியிலிருந்து மீண்டால் வாப்பா எந்நிலையில் வாழ்வார்? சில நாட்கள் பொருத்திப் பார்த்துப் பின் மீண்டும் ஆலோசிக்கலாமா? பின்னர் நான், "வாப்பாவின் விருப்பம் என்ன?" என்று கேட்டேன். அவர் தலை குனிந்தார். "ஒருநாளும் கேட்கவில்லை, மௌலவி" என்றார்.

நேயர்களே! உங்கள் பெற்றோர் சுகமாக, தெளிவாகப் பேசும் இன்றே அதனைக் கேட்டறியுங்கள். குழாய் பொருத்திய பின் அவர்களால் பேச இயலாது. எந்த முடிவாயினும் வலி தணிப்பதும், நாவை நனைப்பதும், கரம் பற்றியிருப்பதும், கலிமாவை மெதுவாக நினைவூட்டுவதும் ஒருபோதும் நிறுத்தக்கூடாத சிகிச்சைகளாகும்.

வல்ல அல்லாஹ் நம் முதியோருக்கு ஆரோக்கியத்தையும் அழகிய முடிவையும் அருள்வானாக. ஆமீன்.