பிள்ளைக்கு வந்த பணம் யாருடையது?

சித்திரை வருடப்பிறப்பன்று பெரியவர்கள் கொடுக்கும் கைவிசேடம், பிறந்தநாளுக்கு மாமா தரும் காசு, முதல் நன்மையன்று பேத்தியின் கழுத்தில் அம்மம்மா போட்டுவிடும் சங்கிலி ஆகியன பிள்ளையின் கைக்கு வந்து, அன்று மாலையே தாயின் அலுமாரிக்குள் போய்விடுகின்றன. காலபோகத்திற்கு விதைநெல்லும் பசளையும் வாங்கக் காசில்லாதபோது அந்த அலுமாரிதான் திறக்கப்படுகிறது. "நாங்கள் பெற்ற பிள்ளைதானே, இதில் என்ன பிழை?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே பலர்.

இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, பிள்ளைக்கென்று கொடுக்கப்பட்ட அன்பளிப்பு பிள்ளையின் சொத்தே. பெற்றோர் அதைப் பிள்ளையின் சார்பில் ஏற்றுப் பாதுகாப்பவர்கள் மாத்திரமே. 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் பராயமடையும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. அதுவரை இப்பொறுப்பு பெற்றோருடையது. பிள்ளையின் மருந்துக்கோ படிப்புக்கோ அதை எடுப்பதில் குறை காண்பதற்கில்லை. சிறுவர் சேமிப்புக் கணக்கிலிருந்து 18 வயதுக்கு முன் வங்கிகள் பணம் கொடுப்பதாயினும், பொதுவாக இத்தகைய காரணங்களுக்கே கொடுக்கின்றன.

சாமத்தியவீட்டில் உறையில் வைத்துத் தரப்படும் காசை நாம் சற்று வேறாகவே பார்க்கிறோம். யார் எவ்வளவு தந்தார் என்று கொப்பியில் எழுதி வைப்பது, பெற்றோர் அதை நாளை அவர்கள் வீட்டில் திருப்பிச் செய்யவேண்டும் என்பதற்காகத்தானே? அதைச் சடங்குச் செலவுக்கு எடுப்பது பிழையென்று கூறமாட்டோம். பிள்ளைக்குப் போட்ட நகை அப்படியல்ல.

பெரிய நட்டம் வருவதும் நகையில்தான். மகளின் ஒரு பவுண் சங்கிலியை அடகு வைத்த பின் வெள்ளத்தில் பயிர் அழிந்து, சங்கிலி ஏலத்தில் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அடகில் கிடைப்பதே நகையின் பெறுமதியிலும் குறைவு. அதே தொகையைச் சில வருடங்கள் கழித்து மகளிடம் கொடுத்தால், பவுண் விலை ஏறும் வேகத்தில் அவள் எதை வாங்குவாள்? ஆகவே, வேறு வழியின்றி எடுத்தால் கடனாக எடுங்கள்; பவுணாகவே திருப்பிக் கொடுங்கள். விபரம் தெரிந்த பிள்ளையென்றால் முதலில் கேளுங்கள். எடுத்த திகதியையும் நிறையையும் எழுதி வையுங்கள்.

காணி விடயத்தில் சட்டம் இன்னும் இறுக்கமானது. பிள்ளையின் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதப்பட்ட காணியை, நீதிமன்ற அனுமதியின்றிப் பெற்றோர் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அப்படி ஒரு காணி விலைக்கு வந்தால், வாங்குபவரும் முதலில் அந்த அனுமதியையே கேட்டுப் பார்க்கவேண்டும்.