சிந்தெடிக் ஆயில்: எப்போது மாற்றுவது?

"சிந்தெடிக் ஆயில்தானே, இரண்டு வருஷம் தாங்கும்" என்று தில்லி நண்பர்கள் சிலர் சொல்லக் கேட்கிறேன். பல கார்களுக்குக் கையேடு தரும் கணக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு. எது முந்துகிறதோ அது. 'காரை 4,000 கிலோமீட்டர்தானே ஓட்டினோம்' என்று தள்ளிப்போட வேண்டாம். சென்னைவரை 2,200 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுவதைவிட, குளிர்காலத்தில் பள்ளிக்கும் கடைக்குமாகத் தினம் 3 கிலோமீட்டர் ஓடுவதே ஆயிலைக் கெடுக்கும். என்ஜின் முழுச் சூடு ஏறாததால் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். இத்தகைய ஓட்டத்துக்குக் கையேட்டில் பெரும்பாலும் குறைந்த தவணை தனியே தரப்பட்டிருக்கும், அதையே பின்பற்றுங்கள். நிறம் கறுத்ததை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மாதம் ஒருமுறையும் ஊருக்குப் புறப்படுமுன்னும், சமதளத்தில் காரை நிறுத்தி டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் குறித்து வையுங்கள். ஆயில் செலவு சிறிது. என்ஜின் செலவு பெரிது.