கண்புரை அறுவையும் கருவிழியின் காவலும்

நம் இல்லத்து முதியோருக்குக் கண்புரை அறுவை என்றதும், "எந்த லென்ஸ் வைக்கப் போகிறார்கள்?" என்றே முதலில் வினவுகிறோம். அந்த லென்ஸ் உட்செல்லும் வழியில் காக்கப்பட வேண்டிய மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம்.

கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடிபோல் அமைந்திருப்பது கருவிழிப் படலம். அதன் உட்புறத்தை ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்கள் மூடியுள்ளன. இளமையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3000 அணுக்கள் இருக்கும். படலத்தினுள் ஊறும் நீரை ஓயாது வெளியேற்றி, அதனைத் தெளிவாக வைத்திருப்பவை இவையே. தோலில் பட்ட காயம் ஆறிவிடும். இவ்வணுக்களோ அழிந்தால் மீண்டும் உண்டாவதில்லை. எஞ்சியவை விரிந்து இடத்தை நிரப்பும், அவ்வளவே. எண்ணிக்கை சில நூறாகக் குறைந்துவிட்டால் படலம் நீர்கோத்து வீங்கிப் பார்வை மங்கும்.

1949-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர் முதன்முதலாகச் செயற்கை லென்ஸைக் கண்ணுள் வைத்தார். பின்வந்த ஆண்டுகளில் பிறர் கண்ணின் முன்னறையில் பொருத்திய லென்ஸுகள் பல, கருவிழியைக் கெடுத்தமையால் அகற்றப்பட்டன. பிளாஸ்டிக் லென்ஸ் ஒரு நொடி தொட்டாலே அணுக்கள் அதில் ஒட்டிப் பிய்ந்து வருவதை 1970-களில் ஆய்வாளர்கள் கண்டனர்.

தீர்வு எங்கிருந்து வந்தது தெரியுமா? சேவலின் கொண்டையிலிருந்து! ஹங்கேரியில் பிறந்த அறிஞர் எந்திரே பாலாஸ், அதிலிருந்து ஹயலூரோனிக் அமிலத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். பளிங்குபோன்ற அக்கூழ் 1980-ஆம் ஆண்டளவில் கண் அறுவையில் இடம்பெற்றது. அது கண்ணறையை விரித்து நிறுத்துகிறது. அணுக்களின்மேல் போர்வையாகப் படிகிறது. தங்கினால் கண்ணழுத்தம் உயருமாதலால், இறுதியில் அகற்றப்படுகிறது. விலை குறைந்த மெதில் செல்லுலோஸ் வகைக் கூழும் இன்று வழக்கில் உள்ளது.

எனினும், கூழ் ஒன்றே போதாது. புரை முற்றி இறுகினால், அதை உடைக்க மீயொலி ஆற்றல் மிகுதியாக வேண்டும். அணுக்களின் இழப்பும் கூடும். ஆகவே, "புரை நன்றாக முற்றட்டும்" என்று காத்திருக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுவோம். காலையில் எழுந்ததும் பார்வை மங்கி, நேரம் செல்லச் செல்லத் தெளிகிறதா? முன்னரே கண்ணில் அடியோ அறுவையோ நேர்ந்ததுண்டா? இவற்றை மருத்துவரிடம் மறவாது கூறுவோம். அணுக்களை எண்ணிப் பார்க்கும் கருவி உண்டு. குறைவெனத் தெரிந்தால் அவர் அதற்கேற்பக் கூடுதல் கவனம் கொள்வார். மீண்டும் வளராத செல்வத்தை இழக்குமுன் காப்பதன்றோ அறிவுடைமை!