புயற்காலமும் பாட்டரிப் பராமரிப்பும்

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் வேதாரணியம் அருகே கரை கடந்த கஜா புயலில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. டெல்டா கிராமங்கள் பலவற்றில் நாட்கணக்காக மின்சாரம் இல்லை. அத்தகைய சமயத்தில் குடியானவர் வீட்டு விளக்குக்கும் கிராம அதிகாரிகளின் செல்போனுக்கும் உதவுவது பாட்டரியே. ஆயினும் நல்ல நாளில் பேணாத பாட்டரி ஆபத்து நாளில் உதவாது.

இன்வெர்ட்டருடன் இணைக்கும், நீர் வார்க்கும் ரகத்து 12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகள் நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் செலவாகும்போது தகடுகளின்மீது ஒருவகை ஈய உப்பு படியும். சார்ஜ் ஏற்றினால் அது நீங்கும். சார்ஜ் குறைந்த பாட்டரியை அப்படியே வைத்திருந்தால் அவ்வுப்பு இறுகிவிடும்; பிறகு சார்ஜ் சரிவர ஏறாது. ஆகையால் உபயோகித்தவுடன் சார்ஜ் ஏற்றிவிட வேண்டும்.

மாதம் ஒருமுறை நீர்மட்டத்தைப் பார்த்து, குறைவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே வார்த்தல் வேண்டும். ஆற்று நீரும் கிணற்று நீரும் தகடுகளைக் கெடுக்கும், திராவகமும் வார்க்கலாகாது. சார்ஜ் ஏறுகையில் வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு எளிதில் தீப்பற்றும். எனவே பாட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, விளக்கு, தீக்குச்சி முதலியவற்றை அருகில் கொண்டுபோகாதிருக்க வேண்டும்.

விதை நெல்லை முளைப்புச் சோதனை செய்தபின் நாற்றங்காலில் விடுவது நலம். அதுபோலவே ஐப்பசி மழைக்குமுன், புரட்டாசியில் ஓரிரவு மெயின் ஸ்விட்சை நிறுத்தி, விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறதென்று சோதித்தறிக.