குக்கீ ஏன் தட்டில் பரவுகிறது?

நட்சத்திர அச்சில் வெட்டிய சர்க்கரை குக்கீ ஓவனிலிருந்து வட்டமாய் வெளிவந்தால், மாவு போதவில்லை என்பார்கள் பலர். உண்மைக் காரணம் உருகுவதற்கும் இறுகுவதற்கும் இடையிலுள்ள வெப்பநிலை வித்தியாசம். வெண்ணெய் சுமார் 35 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். முட்டைப் புரதம் இறுக 60 டிகிரிக்கு மேல் வேண்டும், சர்க்கரையோ அந்த அளவை இன்னும் உயர்த்துகிறது. இடைப்பட்ட நேரத்தில் உருகிய வெண்ணெயும் கரைந்த சர்க்கரையும் மாவை இளக்கி ஓடவைக்கின்றன. வெட்டிய துண்டுகளை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, நன்கு சூடேறிய ஓவனில் இட்டால் அந்த நேரம் குறையும். பேக்கிங் பவுடரைக் குறைப்பதும் உதவும்.

வனஸ்பதி சேர்த்தால் இந்தப் பாடே இல்லையே என்று கேட்கலாம். அது மெதுவாக உருகும், வடிவமும் நிற்கும். ஆனால் சுவை போய்விடும். வெண்ணெயில் எஞ்சியிருக்கும் பால் புரதம் சர்க்கரையோடு சேர்ந்து ஓரங்களைப் பொன்னிறமாக்கும்போது எழும் மணம் வனஸ்பதியில் கிடைக்காது. மாவைக் கூட்டினாலும் வடிவம் நிற்கும்தான், குக்கீ வறண்டு மாவு வாடை அடிக்கும். வெனிலாவை வெண்ணெயோடு முதலிலேயே குழையுங்கள். அதன் மணம் கொழுப்பில் நன்றாகத் தங்கும். உப்பு ஒரு சிட்டிகை போதும். குளிரவைக்க நேரமில்லாத நாளில் அச்சை எடுக்காமல் வட்டமாகவே சுட்டுவிடுங்கள்.