'சீர்திருத்தவாதி': சொல்லின் பொருளும் வழக்கும்

உழவர் வழக்கில் 'திருத்துதல்' என்பது முதற்கண் நிலத்தைக் குறிக்கும். போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம் போன்ற மலையடிவார ஊர்களில், புதரும் கல்லும் அகற்றித் தரிசை விளைநிலமாக்குவது காடு திருத்துதல். மேலே ஏலமலையில் அவ்வாறு முழுதும் வெட்டுதல் இயலாது. ஏலச்செடி நிழலில் வளர்வதாகலின், அடிப்புதரைக் களைந்து பெருமரங்களை விட்டுவைப்பர். 'சீர்திருத்தம்' என்பதன் சமூகப் பொருள் இவ்விரண்டாவது செயலுக்கே நெருக்கமானது: அமைப்பு நிற்கும், கேடு நீங்கும். 'புரட்சி'யினின்று அது வேறுபடும் இடமும் இதுவே.

இச்செயலுக்கு உரியோரைக் குறிக்க 'சீர்திருத்தக்காரர்', 'சீர்திருத்தவாதி', 'சீர்திருத்தவாளர்' எனப் பல வடிவங்கள் உள. '-காரர்' தொழிலையும் தொடர்பையும் சுட்டுவது. தோட்டக்காரர், வண்டிக்காரர் என்பன போல. அதன் பெண்பாலான '-காரி' மதிப்புக் குறைந்து ஒலிப்பதால், முத்துலட்சுமி ரெட்டியையோ மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரையோ அவ்வடிவால் எவரும் குறியார். இருபாற்கும் பொதுவாய் நிற்கும் '-வாதி' இங்கு வசதியானது. ஆயினும் '-வாதி' வாதிடுபவரையே குறிக்கும். நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பவர் வாதி, எதிர்ப்பவர் பிரதிவாதி. ஒரு கொள்கையை எடுத்துரைப்பவர் என்பதற்கு மேல் இவ்வீறு எதையும் உறுதி செய்வதில்லை. 1907இல் சூரத்துக் காங்கிரசு பிளவுபட்ட காலத்தில் 'மிதவாதி', 'தீவிரவாதி' என்பன இரு அரசியல் நிலைப்பாடுகளின் பெயர்கள். பின்னது இன்று அடைந்துள்ள பொருளைச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே, மேடையில் வாதிட்டவர்க்கு ஒரு பெயர் கிடைத்தது. வாதத்தை வாழ்க்கையில் நிகழ்த்தியவர்க்குக் கிடைக்கவில்லை. 1920களின் இறுதி முதல் புரோகிதரின்றி மணந்துகொண்ட இணையரை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய மணமொன்றைச் செல்லாதெனக் கூறியபோது, மனைவியின் நிலையும் மக்களின் வாரிசுரிமையும் ஐயத்திற்குள்ளாயின. வாதிட்டோர் இழந்ததினும் மணந்தோர் இழக்கக்கூடியது மிகுதி. ஆயினும் அவர்களைச் 'சீர்திருத்தவாதிகள்' என நம் பாடநூல்களும் கூறுவதில்லை, அவர்தம் ஊராரும் கூறுவதில்லை. (ஊரார் கூறியவை பெரும்பாலும் அச்சிடத்தக்கன அல்ல.)

இந்து திருமணச் சட்டத்திற்குச் சென்னை மாநிலம் 1967இல் இயற்றிய திருத்தம், 7-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. அதன் ஆங்கில வாசகத்திலேயே 'சுயமரியாதை', 'சீர்திருத்த' என்னும் தமிழ்ச்சொற்கள் மொழிபெயர்க்கப்படாமல் ஒலிபெயர்ப்பாக இடம்பெற்றுள்ளன. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவித்தாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் மணம் செல்லும். முன்னர் நடந்த மணங்களுக்கும் அது பொருந்தும். சட்டம் பெயர் சூட்டியது மணத்திற்கு. மணந்தவர்களை அது 'இரு இந்துக்கள்' என்றே குறிக்கிறது.